அடிபம்பு நீரில் ஆர்சனிக்: தங்க நானோதுகள் பட்டை தப்பாகக் காட்டினால் எங்கே தேடுவது?

மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் பக்கம், உத்தரப் பிரதேசத்தின் பல்லியா பக்கம், எல்லை தாண்டினால் வங்கதேசம் என்று கங்கைச் சமவெளியில் பல ஊர்களில் அடிபம்புகள்தான் குடிநீர். அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது 1983இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா நோயாளிகளின் தோலில் கண்ட புள்ளிகளிலிருந்து வெளியே தெரியவந்தது. இன்றைக்குக் கையடக்க பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி), தங்க நானோதுகள் பூசிய பட்டைகள், ஒரு கைபேசி இருந்தால் பம்படியில் நின்றே அளந்துவிடலாம். அளந்துவிடலாம் என்பது பட்டை ஒழுங்காக வேலை செய்யும்வரைதான். செய்யாதபோது என்ன பார்ப்பது என்பதற்கு இந்தக் குறிப்பு. கருவியை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வேலை செய்யும் விதத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வருவது புரியாது. குளுக்கோமீட்டர் பட்டை மாதிரிதான் இதுவும் இருக்கும். நடுவில் வட்டமாக இருப்பது செயல் மின்முனை: கார்பன் மையால் அச்சிட்டு, அதன்மேல் தங்க நானோதுகள். சுற்றி வளைந்திருப்பது துணை மின்முனை. வெள்ளி நிறத்தில் இருப்பது ஒப்பீட்டு மின்முனை. நீரோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து, செயல் மின்முனைக்குச் சுமார் -0.3 வோல்ட் கொடுத்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால், நீரில் இருக்கும் ஆர்சனைட் (கரைந்த ஆர்சனிக்கின் ஒரு வடிவம்) தங்கத்தின்மேல் ஆர்சனிக்காகப் படியும். பிறகு மின்னழுத்தத்தை நேர்ப்பக்கம் ஏற்றிக்கொண்டே போனால் (இதுதான் ஸ்கேன்) படிந்தது கரைந்து வெளியேறும். அப்போது ஓடும் மின்னோட்டம்தான் திரையில் பீக்காக, அதாவது கோட்டில் ஒரு மேடாக, தெரிகிறது. பெரும்பாலான கிட்களில் அது +0.1 வோல்ட்டை ஒட்டி வரும்.

முதலில் செய்ய வேண்டியது

எந்தக் கோளாறாக இருந்தாலும் ஆட்கள் முதலில் சந்தேகப்படுவது நானோ பூச்சைத்தான். புதுப் பொருள், விலை அதிகம், பெயரும் மிரட்டுகிறது. ஆனால் களத்தில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை பூச்சில் இல்லை. இணைப்பிலும், ஒப்பீட்டு மின்முனையிலும், தண்ணீரிலும்தான் இருக்கின்றன. அதனால் குற்றவாளி கருவியா, பட்டையா, நீரா என்று பிரித்த பிறகே மற்றது.

கருவியைச் சோதிக்க 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று போதும், ஒரு சதவீதத் துல்லியம் உள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் செயல் மின்முனையின் கம்பி, மறுமுனையில் மற்ற இரண்டு கம்பிகளும் சேர்ந்து. 0.5 வோல்ட் கொடுத்தால் 50 மைக்ரோஆம்பியர் வர வேண்டும், ஸ்கேன் ஓட்டினால் நேர்கோடு வர வேண்டும். வந்தால் கருவியை விட்டுவிடலாம். அடுத்து, புதுப் பட்டையில் சுத்த நீர், அமிலம், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனைட். பீக் சரியாக வந்தால் பட்டையையும் விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது கிணற்று நீர்தான் (கிணறு என்று நான் சொல்வது அடிபம்பின் குழாய்க் கிணற்றை).

ஒரு எச்சரிக்கை: அந்த ஆர்சனைட் கரைசலை எதிலிருந்து செய்தீர்கள்? ஆய்வகங்களில் கிடைக்கும் ஆர்சனிக் ஸ்டாண்டர்டுகள் பல நைட்ரிக் அமிலத்தில் கரைத்த ஆர்சனேட், அதாவது ஆக்ஸிஜனேற்றம் அடைந்த இன்னொரு வடிவம். -0.3 வோல்ட்டில் ஆர்சனேட் படியாது. பாட்டிலில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும், திரையில் ஒன்றுமே வராது, பழி பட்டைமேல் விழும். லேபிளைப் படியுங்கள், ஆர்சனைட் என்று தெளிவாக இல்லாவிட்டால் இந்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

கோடு தட்டையாக இருக்கிறது, அல்லது ‘ஓவர்லோட்’ என்று வருகிறது

தட்டைக் கோடு என்றால் மின்னோட்டமே ஓடவில்லை. பட்டை இணைப்பியில் முழுதாக நுழைந்திருக்கிறதா, தலைகீழாகச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பட்டையில் விட்ட நீர்த்துளி மூன்று மின்முனைகளையும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் துளி சுருங்கி ஓரத்து வெள்ளிக் கோட்டை விட்டு விலகிவிடும்.

ஓவர்லோட் வேறு கதை. பெரும்பாலும் ஒப்பீட்டு மின்முனை தொடர்பில் இல்லை என்று அர்த்தம். தான் கொடுக்கும் மின்னழுத்தம் எவ்வளவு என்று தெரியாமல் கருவி அதை ஏற்றிக்கொண்டே போய் உச்சத்தில் முட்டி நிற்கிறது. இணைப்பியின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளில் அமிலம் பட்டுப் பச்சை பூத்திருந்தால், ஐசோபுரொபனால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். துடைத்தும் போகாவிட்டால் இணைப்பியை மாற்றிவிடுவது மேல். அந்தப் பச்சை செம்பு உப்பு. செம்பு வேறு என்ன செய்யும் என்பது கீழே வருகிறது.

கோடு நடுங்குகிறது

ஒரே சீராக நடுங்கினால் 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்வாரியத்தின் கைவண்ணம். மேலே மின்கம்பி போகிறதா, பக்கத்தில் மோட்டார் ஓடுகிறதா, கைபேசி சார்ஜரில் இருக்கிறதா? கருவியை பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். பட்டையையும் கம்பியையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கருவியின் தரை முனையோடு இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நடுக்கம் சீராக இல்லாமல் திடீர் திடீரென்று குதித்தால் குமிழி. படிய வைக்கும்போது மின்னழுத்தம் அதிகமாக எதிர்ப்பக்கம் போனால் அமிலத்தில் ஹைட்ரஜன் கிளம்பும். பட்டையை லேசாகத் தட்டிவிட்டு, அமைப்பில் யாராவது எண்ணை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பீக் இடம் மாறி நிற்கிறது

இதைப் பார்த்து வேறு உலோகம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பட்டையில் இருக்கும் வெள்ளி மின்முனை, ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்த ஒப்பீட்டு மின்முனை போல் தனக்கென்று ஒரு குளோரைடு கரைசலை வைத்துக்கொண்டிருக்கவில்லை. உங்கள் துளியில் இருக்கும் குளோரைடுதான் அதற்கு அளவுகோல். குளோரைடு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் பீக்குகள் எல்லாம் சுமார் 59 மில்லிவோல்ட் எதிர்ப்பக்கம் நகரும், கூடினால் நேர்ப்பக்கம். ஒரு நாள் 1 மோலார் அமிலத்திலும் மறுநாள் 0.1 மோலாரிலும் அளந்தால் இதுதான் நடக்கும். அமில அளவு மாறாமல் இருந்தால், உப்பு நீரோ நல்ல நீரோ, பெரிய வித்தியாசம் வராது. அமிலத்தில் இருக்கும் குளோரைடு கிணற்றில் இருப்பதைவிட எவ்வளவோ அதிகம்.

எல்லா பீக்கும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் ஒப்பீட்டு மின்முனைதான் காரணம். வெள்ளிக் கோடு கறுத்திருந்தால் சல்ஃபைடு தாக்கியிருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வரும் கிணறுகளில் இது சகஜம். அந்தப் பட்டையைத் தூக்கிப் போடுங்கள், துடைத்துச் சரி செய்ய முடியாது. அந்த நீரிலும் ஒரு தொல்லை உண்டு: அமிலம் சேர்த்ததும் ஆர்சனிக் சல்ஃபைடாகப் படிந்து ஒரு பகுதி கணக்கிலிருந்து காணாமல் போகலாம். முட்டை நாற்றக் கிணற்றை பட்டை அளவை வைத்து ‘பாதுகாப்பானது’ என்று அறிவிக்க வேண்டாம்.

முதல் அளவு நன்றாக இருந்தது, அப்புறம் ஒவ்வொரு முறையும் குறைகிறது

இந்த ஒரு அறிகுறியில் மட்டும் நானோ பூச்சை உண்மையாகவே சந்தேகப்படலாம். இரண்டு காரணங்கள் உண்டு, வைத்தியமும் வேறு வேறு.

ஒன்று, பூச்சு கரைகிறது. குளோரைடு உள்ள அமிலத்தில் தங்கத்தை +0.8 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் அது குளோரைடோடு சேர்ந்து கரைய ஆரம்பிக்கும். நகைத் தங்கமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. சில நானோமீட்டர் துகள் எத்தனை தடவை தாங்கும்? ‘சுத்தம் செய்யும் படி’ என்று மென்பொருளில் ஒரு வரி இருக்கும். அதில் மின்னழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்கேனின் முடிவுப் புள்ளியையும் பாருங்கள். ஆர்சனிக் பீக் முடிந்ததும் நிறுத்தினால் போதும், +0.5 வோல்ட்டுக்கு அப்பால் போக வேண்டிய அவசியமில்லை.

இன்னொன்று, பூச்சு அடைபடுகிறது. மக்கிய இலைதழையிலிருந்து வரும் ஹ்யூமிக் பொருள்கள், சோப்பு, எண்ணெய் ஆகியவை தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு: குறைந்துபோன பட்டையைக் கழுவிவிட்டு, சுத்த நீரில் செய்த 10 மைக்ரோகிராம் கரைசலில் வையுங்கள். பழைய உயரம் திரும்பினால் குற்றம் நீரில். மாதிரியை இன்னும் நீர்த்துப்போகச் செய்து அளக்கலாம். பாதி திரும்பினால் அடைப்பு. ஒன்றும் திரும்பாமல், செயல் மின்முனையின் நிறமும் வெளிறி வெறும் கார்பன் கறுப்பு தெரிந்தால் தங்கம் போய்விட்டது.

ஒருமுறைப் பட்டை என்று எழுதியிருப்பதைப் பத்து முறை பயன்படுத்திச் சிக்கனம் பிடிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பிளாங்கிலேயே பீக் வருகிறது

ஆர்சனிக் இல்லாத நீரில் ஆர்சனிக் தெரிந்தால் அது அமிலத்தோடு வந்திருக்கலாம், பிப்பெட் முனையோடு வந்திருக்கலாம், முந்தைய கிணற்றிலிருந்து பட்டையோடு வந்திருக்கலாம். கடைகளில் கழிவறை கழுவ விற்கும் அமிலத்தை இதற்கு எடுக்கவே கூடாது. பகுப்பாய்வுத் தரம் வேண்டும். புதுப் பட்டை, புது முனை, அதே அமிலம் வைத்துப் பாருங்கள். பீக் போகவில்லை என்றால் அமிலம்தான்.

பீக்கின் தோளில் இன்னொன்று முளைக்கிறது

செம்பு. தங்கத்தின்மேல் செம்பும் படியும், கரையும். அதன் பீக் ஆர்சனிக்குக்குச் சற்று நேர்ப்பக்கம் வரும். செம்பு அதிகமானால் தோள் பெரிதாகி ஆர்சனிக்கை விழுங்கிவிடும், மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணி அதிக அளவு சொல்லும். ஆழத்து நீரில் பொதுவாகச் செம்பு குறைவு. அதனால் செம்பு தெரிந்தால் பம்பின் பித்தளை உதிரிகளையும் நீர் தேங்கியிருந்த நேரத்தையும் யோசியுங்கள். சில நிமிடம் நன்றாக அடித்துப் பழைய நீரை வெளியேற்றிய பிறகு எடுத்த மாதிரியில் தோள் சுருங்கினால், அது பம்பின் செம்பு. தோள் இருக்கும்போது பீக்கின் அடியில் மென்பொருள் தானாகப் போடும் அடிக்கோட்டை நம்பாமல், கையால் அடிக்கோடு இழுத்து உயரம் பாருங்கள்.

சுற்றிலும் கெட்ட கிணறுகள், இது மட்டும் பூஜ்யம் காட்டுகிறது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதிகமாகக் காட்டினால் ஒரு கிணறு வீணாகப் பூட்டப்படும், அவ்வளவுதான். பூஜ்யம் காட்டினால் பாதுகாப்பானது என்று பம்புக்குப் பச்சை வண்ணம் அடித்துவிடுவார்கள், ஒரு தெருவே பல வருஷம் குடிக்கும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் அளவு பெரிதாக மாறுவது அந்த மண்ணில் உண்மையாகவே நடப்பதுதான்; அதனால்தான் பொய்ப் பூஜ்யம் யார் கண்ணையும் உறுத்தாமல் தப்பித்துவிடுகிறது.

மாதிரியைப் பாருங்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது தெளிவாக இருந்த நீர், பாட்டிலில் சற்று நேரம் நின்றதும் மஞ்சளாகி அடியில் துரு படிந்திருக்கிறதா? நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறி, ஆர்சனிக்கையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. நீங்கள் மேலே தெளிந்த நீரை எடுத்து அளந்தீர்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழு உருவாக்கிய அம்ரித் வடிகட்டி ஆர்சனிக்கைப் பிடிப்பதும் இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடின் இதே குணத்தை வைத்துத்தான்; அங்கே வரம், இங்கே சாபம். தீர்வு எளிது: பம்பிலிருந்து நேராக, அமிலம் ஏற்கெனவே ஊற்றி வைத்த பாட்டிலில் பிடியுங்கள். அமிலத்தில் இரும்பு படியாது. அந்தப் பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள். இரும்பும் வெளிச்சமும் சேர்ந்தால் ஆர்சனைட் ஆர்சனேட்டாக மாறும்.

அமிலம் எது என்பதும் முக்கியம். ஆய்வகத்துக்கு அனுப்பும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் ஊற்றுவது வழக்கம். அந்தப் பாட்டிலிலிருந்தே பட்டைக்கும் எடுத்தால் ஆர்சனைட் ஆர்சனேட்டாகப் போகலாம், பட்டை மௌனமாகிவிடும். இரண்டு பாட்டில், இரண்டு அமிலம், இரண்டு நிற மூடி.

அடுத்து பம்புக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: சமீபத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டீர்களா? கிணற்றைக் கிருமி நீக்கக் குளோரின் போட்டிருந்தால் ஆர்சனைட் முழுக்க ஆர்சனேட்டாகியிருக்கும். ஆர்சனிக் அப்படியே இருக்கும், பட்டையின் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

இப்போது ஸ்பைக். எவ்வளவு என்று நமக்குத் தெரிந்த அளவு ஆர்சனைட்டை மாதிரியில் சேர்த்துப் பாருங்கள். 5 மில்லிலிட்டர் கிணற்று நீர், 5 மில்லிலிட்டர் அமிலம். அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆர்சனைட் கரைசல் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால், கலவையில் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் கூடும். சேர்க்கும் முன் பீக் 1.2 மைக்ரோஆம்பியர், சேர்த்த பின் 2.0 என்று வையுங்கள். 0.8 உயர்வு 10 மைக்ரோகிராமுக்குச் சமம், அப்படியானால் 1.2 என்பது 15. நீர் பாதிக்குப் பாதி நீர்த்திருப்பதால் கிணற்றில் 30. கடைசி இரட்டிப்பை மறப்பவர்கள் ஏராளம். மறந்தால் 10 என்ற வரம்புக்குள் வராத கிணறும் வந்துவிடும். இந்தியக் குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரமும் உலக சுகாதார நிறுவன வழிகாட்டலும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், வங்கதேசத்தில் 50.

ஸ்பைக் பீக் வரவே இல்லையென்றால், அல்லது வந்து சில நிமிடத்தில் மறுபடி அளக்கும்போது குறைந்தால், நீரில் இன்னும் குளோரின் மிச்சமிருக்கிறது, அல்லது தங்கம் அடைபட்டிருக்கிறது. சுத்த நீரில் வருவதைவிடச் சிறிதாக, ஆனால் நிலையாக வந்தால் நீரின் மற்ற சரக்குகள் அடக்குகின்றன. மேலே சொன்ன கணக்கு அதைத் தானே சரி செய்துகொள்ளும்.

ஸ்பைக் முழுதாக வந்துவிட்டது என்று நிம்மதி அடைவதில்தான் பொறி இருக்கிறது. நீங்கள் சேர்த்தது ஆர்சனைட். அது தெரிகிறது என்பதால், கிணற்றில் ஏற்கெனவே ஆர்சனேட்டாக இருப்பதும் தெரிகிறது என்று ஆகாது. அதைப் பார்க்க, அளப்பதற்கு முன் ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக வேதியியல் முறையில் மாற்றியாக (ஒடுக்கியாக) வேண்டும். கிட்டோடு அதற்கான பொடி வந்திருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். கையில் இருக்கிறதே என்று தயோசல்ஃபேட்டையோ பொட்டாசியம் அயோடைடையோ போடாதீர்கள்: கந்தகமும் அயோடினும் தங்கத்தில் அட்டை மாதிரி ஒட்டும், அயோடைடு வெள்ளியையும் கெடுக்கும். பொடி இல்லாவிட்டால் முடிவை ‘ஆர்சனைட் மட்டும்’ என்று எழுதி, மொத்த ஆர்சனிக்குக்கு ஆய்வகம் அனுப்புங்கள். ‘பூஜ்யம்’ என்று எழுதாதீர்கள்.

காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு

ஒரே கிணறு, ஒரே பட்டைக் கட்டு, வெயில் ஏறினால் அளவும் ஏறுகிறது. அயனிகள் நீரில் நகரும் வேகம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடும். 22 டிகிரியில் அளவுத்திருத்தம் செய்து 37 டிகிரியில் அளந்தால் 30 சதவீதம் வரை தள்ளிக் காட்டலாம். நிழலில் அளங்கள், ஸ்பைக்கை அதே நேரத்தில் செய்யுங்கள். கலக்கும் வேகமும் இப்படித்தான். கையால் ஆட்டிக் கலக்கினால் இரண்டு ஆள் இரண்டு விடை சொல்வார்கள். துளியாக வைத்து அசையாமல் அளப்பதென்றால் எல்லா அளவையும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டு பட்டைகள் ஒத்துப்போகவில்லை

மழைக்கால வங்கத்தில் பட்டைப் பொதியைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிவிடும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள், செயல் மின்முனையில் விரல் படக்கூடாது. ஒவ்வொரு பொதியிலும் ஒரு பட்டையைப் பலி கொடுத்து, பொட்டாசியம் குளோரைடில் கரைத்த ஃபெரிசயனைடில் ஒரு சைக்ளிக் ஸ்கேன் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவது) ஓட்டுங்கள். ஏறும் பீக்குக்கும் இறங்கும் பீக்குக்கும் இடைவெளி கொள்கைப்படி 59 மில்லிவோல்ட். அச்சுப் பட்டைகளில் நூறைத் தாண்டுவது சாதாரணம். போன பொதியைவிட இது மிக அகன்றிருந்தால் இந்தப் பொதி பழசு. அந்தப் பட்டையையும் ஃபெரிசயனைடு கரைசலையும் அமிலக் கழிவோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

பட்டைக்கும் ஆய்வக அறிக்கைக்கும் இடையில் வித்தியாசம் வந்தால், சண்டை போடும் முன் இரண்டும் ஒரே வகை ஆர்சனிக்கைத்தான் அளந்தனவா என்று கேளுங்கள். பத்தில் ஒரு கிணற்றுக்காவது ஆய்வகப் பாட்டில் எடுப்பது நல்லது. வரம்புக்கு இரு பக்கமும் நெருங்கி நிற்கும் கிணறுகளுக்கு எல்லாவற்றுக்குமே எடுங்கள்.

கழிவு

அளந்து முடித்த அமில நீரைக் கையில் கிடைத்த வாளியில் ஊற்றி வைக்காதீர்கள், முக்கியமாக நாகம் (துத்தநாகம்) பூசிய தகர வாளியில். நாகமும் அமிலமும் ஆர்சனிக்கும் சேர்ந்தால் ஆர்சின் வாயு வரும். பழைய நிறத்தாள் கிட்களில் ஆர்சனிக்கைக் காட்டுவதே அந்த வாயுதான், கொடிய நஞ்சு. மூடி உள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து ஆய்வகத்துக்குத் திருப்பி எடுத்துப் போங்கள். ஃபெரிசயனைடில் ஓட்டியவை தவிர மற்றப் பட்டைகளும் அதே கேனுக்குள் போகலாம்.